கப்டன் எழும்பிப் போனால்

ஹெக்டருக்கு உயரத்தில் பயமில்லை. மழைக்காலத்தில் விமானம் மேகத்துக்குள் விழுந்து எழும்பும்போதுகூட அவருடைய குரல் மாறாது என்று கூடப் பறந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர் பயந்தது கப்டன் குடிக்கும் தேத்தண்ணிக்கு. கப்டன் ஒரு கோப்பை குடித்தால் கொஞ்ச நேரத்தில் எழும்பிப் போவார். கப்டன் போனால் ஹெக்டர் முகமூடி போடவேண்டும்.

அது அவர்களுடைய தொழிலின் விதி. இருபத்தையாயிரம் அடிக்கு மேலே பறக்கும்போது இரண்டு விமானிகளில் ஒருவர் எந்தக் காரணத்துக்காவது ஆசனத்தை விட்டு எழும்பினால், மற்றவர் ஒட்சிசன் முகமூடியை எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். போனவர் திரும்பி வந்து இருக்கும்வரை கழற்றக் கூடாது. முப்பத்தையாயிரம் அடியில் விமானத்துக்குள் அடைத்து வைத்த காற்று தற்செயலாக வெளியே போய்விட்டால் மனிதனுக்குப் புத்தி தெளிவாக இருப்பது ஒரு நிமிஷமோ அதற்கும் குறைவோதான். மயங்குகிறோம் என்று தெரியாமலே மயங்குவான். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கலாம். தனியாக இருக்கிறவனுடைய முகத்தை யார் பார்ப்பது? அதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

முகமூடியை ஒற்றைக் கையால், ஐந்து விநாடிக்குள் போடவேண்டும். பக்கத்திலிருக்கும் பெட்டியிலிருந்து அதை இழுத்துப் பிடியை அமத்தினால் றப்பர் வார்கள் ஊதிப் பெருத்துக் கணவாய் மீன் மாதிரி விரியும். தலைக்கு மேலால் இறக்கிப் பிடியை விட்டால் சுருங்கித் தலையைக் கவ்விக்கொள்ளும். உள்ளே றேடியோவில் கதைப்பதற்கு மைக் இருக்கிறது. ஆனால் தேத்தண்ணியோடு வந்து நிற்கும் பணிப்பெண்ணுக்கு நீங்கள் சொல்வது எதுவும் கேட்காது. வேண்டுமா வேண்டாமா என்று தலையைத்தான் ஆட்டவேண்டும். கழற்றிய பிறகு மூக்கின் மேலும் இரண்டு கன்னத்திலும் சிவப்பாக ஒரு கோடு நெடுநேரம் நிற்கும்.

முதல் தடவை அந்தக் கோட்டைக் கண்டபோது ஹெக்டரின் அம்மா புளோறன்ஸ் அன்ரி, "எந்த செக் பொயின்ட்ல அடிச்சாங்க?" என்று கேட்டார். விஷயம் விளங்கிய பிறகு அந்தக் கோடு அவருக்குப் பதக்கம் மாதிரி ஆகிவிட்டது. ஞாயிறு பூசைக்கு மகன் அந்தக் கோட்டோடு வந்தால் முன் வாங்கில் கொண்டுபோய் இருத்துவார்.

கொட்டாஞ்சேனையில் அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். ஹெக்டரின் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். என் அப்பா இன்னும் அங்கேதான் மூட்டை எண்ணுகிறார். எங்கள் லேனிலிருந்து முதன்முதல் விமானம் ஓட்டப் போனவர் ஹெக்டர். முதன்முதல் பட்டம் வாங்கியவள் நான். "ஒண்ணு வானத்தில மிதக்குது, மத்தது வீட்டில மிதக்குது" என்பார் புளோறன்ஸ் அன்ரி. நான் அப்போது வேலை தேடிக்கொண்டிருந்தேன். நேர்முகப் பரீட்சைகளில் என்ன கேட்டாலும் "யெஸ் சேர்" என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து பஸ்ஸில் ஏறிய பிறகுதான் சரியான பதில் ஞாபகம் வரும். அதனால் ஹெக்டரை எனக்கு விளங்கும் என்று நினைத்திருந்தேன். அவரும் எதற்கும் மாட்டேன் என்று சொல்லமாட்டார். கப்டன் சொன்னாலும் சரி, அம்மா சொன்னாலும் சரி, பேக்கரியிலிருந்து வரும் பாண்காரன் நேற்றைய பாணை நீட்டினாலும் சரி, ஒரு தலையாட்டல்தான்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு அவருக்கு முப்பத்து நான்கு வயது. கலியாணப் பேச்சு நான்கு தடவை வந்து நான்கு தடவையும் நின்றுவிட்டது. கடைசியாக வந்தது யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த ஒரு கத்தோலிக்கக் குடும்பம். ஹெக்டருக்கு என்ன வேலை என்று பெண்ணின் பெரியம்மா கேட்க, "பிளேன் ஓட்டுறார்" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். யாழ்ப்பாணத்தில் அப்போது பிளேன் என்றால் தலைக்கு மேலே வந்து குண்டு போடுவது. சனம் ஏற்றும் பிளேனும் உலகத்தில் இருக்கிறது என்பதை அவருக்கு விளங்கப்படுத்துவதற்குள் அவர் செருப்புப் போட்டுவிட்டார்.

ஆகையால் ஐந்தாவது பேச்சைக் கொண்டுவந்த பேர்ணடெற் அன்ரி தாய்க்கும் மகனுக்கும் ஒரு கட்டளை போட்டார். அவர் கோவில் பாடகர் குழுவை நடத்துகிறவர். பாடுகிற பிள்ளைகளுக்கெல்லாம் கலியாணம் பொருத்திவைப்பதும் அவர்தான்.

"நான் எயாபோட்டில யூனிபோம் போட்ட உத்தியோகம்ன்னு மட்டும்தான் சொல்லியிருக்கன். முதல் பழகட்டும். பிளேன்ங்கிற சொல்லு உங்க ரெண்டு பேர் வாயிலயும் வரக் கூடாது. விளங்கினதா?"

ஹெக்டர் தலையாட்டினார்.

பெண்ணின் பெயர் பிறிஜெற். களுபோவில ஆஸ்பத்திரியில் தாதி. அப்பா சவுந்தரநாயகம் இளைப்பாறிய போஸ்ட் மாஸ்டர், அம்மா நேசம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் மேல்வீடு எடுத்து இருந்தார்கள். பிறிஜெற்றின் படத்தை ஹெக்டர் தன்னுடைய விமானி லைசன்ஸ் உறைக்குள் வைத்திருந்தார். முந்தின நான்கு படங்களையும் அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தவர் அவர். "இந்தப் பிள்ளை கமராவைப் பாக்காம, படம் எடுக்கிற ஆளைப் பாக்குது" என்று எனக்கு ஒருநாள் சொன்னார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட மிக நீளமான அபிப்பிராயம் அது. இந்தப் பேச்சும் நின்றால் இனி வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். அதையும் தலையாட்டித்தான் சொன்னார்.

பெண் வீட்டுக்கு முதலில் போனது புளோறன்ஸ் அன்ரி. ஹெக்டர் அன்று மஸ்கட்டில். கூடப் போன பேர்ணடெற் அன்ரி, அறிமுகம் செய்துவிட்டுப் பக்கத்து ஒழுங்கையில் இன்னொரு கலியாண விஷயம் இருக்கிறதென்று இறங்கிப் போய்விட்டார். அங்கே நடந்ததை எனக்குப் பிறகு பிறிஜெற்றே சொன்னாள்.

புளோறன்ஸ் அன்ரியின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மகனைப் பற்றிப் பேசவேண்டும், பிளேனைப் பற்றிப் பேசக் கூடாது. ஒரு தேத்தண்ணி முடியும்வரை பொறுத்துப் பார்த்தார். பிறகு பொறுக்க முடியவில்லை.

"என்ட மகன்ட வேலை லேசு இல்லீங்க. முகமூடி போடுற வேலை."

நேசம் கோப்பையைக் கீழே வைத்தார். "என்ன போடுறது?"

"முகமூடி. எல்லா நேரமும் இல்ல. பெரியவர் எழும்பி அங்கால போன உடனே இவர் மாட்டிருவார். ஒத்தக் கையால."

"பெரியவர் எண்டது?"

"இவருக்கு மேல உள்ளவர். தோளில நாலு பட்டி. என்ட மகனுக்கு மூணு. பெரியவர் திரும்பி வரும்வரைக்கும் கழட்ட ஏலாது. சட்டம்."

"அப்ப... அந்த நேரம் ஆரும் ஏதும் கேட்டா?"

"தலைய ஆட்டுவார். ஓம்ன்னா ஓம், இல்லைன்னா இல்ல. வாயத் திறந்து கதைச்சா கேக்காதே." புளோறன்ஸ் அன்ரி கொஞ்சம் முன்னுக்குச் சரிந்து குரலைத் தாழ்த்தினார். "எத்தனை பேருட உயிர் அவர்ட கையில இருக்குது தெரியுமா?"

அந்த வருடம் வெள்ளவத்தையில் முகமூடி என்றால் ஒரேயொரு பொருள்தான். கொழும்பில் எங்கேயாவது குண்டு வெடித்தால் விடியமுன் ஆமிக்காரர் ஒழுங்கையைச் சுற்றிவளைப்பார்கள். ஆண்களையெல்லாம் இறக்கி வரிசையில் விடுவார்கள். ஜீப்புக்குள் தலையிலிருந்து கழுத்துவரை துணி போட்டு, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை வைத்த ஒருவர் இருப்பார். ஒவ்வொருவராக அவருக்கு முன்னால் போகவேண்டும். அவர் வாய் திறக்கமாட்டார். தலையை ஆட்டினால், ஆட்டப்பட்டவர் வீட்டுக்கு வரமாட்டார். அவருக்குச் சனம் வைத்த பெயர் தலையாட்டி. நேசத்தின் தமக்கை மகனை அப்படி ஒரு தலையாட்டல் ஏழு மாதம் உள்ளே வைத்திருந்தது. கொட்டாஞ்சேனையிலும் இதெல்லாம் நடந்ததுதான். ஆனால் மகனைப் பற்றிப் பேசத் தொடங்கினால் புளோறன்ஸ் அன்ரிக்கு உலகத்தில் வேறு முகமூடி கிடையாது.

நேசம் குசினிக்குள் போய், நத்தார் பண்டிகைக்கென்று பூட்டி வைத்திருந்த கேக்கை முழுதாக எடுத்துக்கொண்டு வந்து வைத்தார்.

"நல்ல ஆக்கள்," என்று புளோறன்ஸ் அன்ரி எங்கள் வீட்டில் வந்து சொன்னார். "போகும்போது தாய்க்காரி என்ட கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. கை சில்லுன்னு இருந்திச்சு. பாவம், பிறெஷர் போல."

அடுத்த வாரம் ஹெக்டர் போனார். விமான நிலையத்திலிருந்து ஊழியரை ஏற்றிவரும் வான் வெள்ளவத்தைச் சந்தியில் இறக்கிவிட, வெள்ளைச் சேட்டு, தோளில் மூன்று பட்டி, மூக்கில் புதுக் கோடு. ஒழுங்கைக்குள் அவர் நடக்க நடக்க அது காலியாகிக்கொண்டு வந்தது. தேத்தண்ணிக் கடை வாங்கில் இருந்தவர்கள் குடித்த பாதியில் எழும்பிப் போனார்கள். யன்னல்கள் சாத்தின. அந்த வீட்டின் கீழ்த்தட்டில் கனடாவுக்குப் போகக் காத்திருந்த நாகேந்திரம் என்பவர் மட்டும், குழாயடியில் முகம் முழுக்கச் சவர்க்காரத்தோடு நின்றதால் நேரத்துக்கு ஓட முடியவில்லை. ஹெக்டர் அவரைப் பார்த்து மரியாதையாகத் தலையை ஆட்டினார்.

வீட்டுக்குத் திரும்பி வந்து அவர் சொன்னது இது: "யாழ்ப்பாணத்து ஆக்கள் சரியான ஒழுங்கு அம்மா. மாப்பிள்ளை பாக்கிறப்ப ஐடென்டிட்டி காட், பொலிஸ் பதிவு, பென்ஷன் காட், ஞானஸ்நானக் கடுதாசி எல்லாம் மேசையில எடுத்து வைக்கிற வழக்கம் போல. அவட அப்பா ஒவ்வொண்ணா காட்டினார். நானும் பாத்துப் பாத்துத் தலையாட்டினன்."

"எங்கடதையும் கொண்டு போயிருக்கணுமோ?" என்று புளோறன்ஸ் அன்ரி கவலைப்பட்டார்.

"பிறிஜெற் கதைச்சாவா?" என்று நான் கேட்டேன்.

"தேத்தண்ணி கொண்டுவந்து தந்தா. மூக்கில என்னன்னு கேட்டா. வேலையில வாறதுன்னேன். வேலையில என்ன செய்வீங்கள்ன்னா. பேர்ணடெற் அன்ரி சொல்லக் கூடாதுன்னாங்களே. அதால, பெரியவருக்குப் பக்கத்தில இருப்பன், அவர் சொல்லுறதைச் செய்வன்னு சொன்னன்."

"அதுக்கு?"

"என்னை நேரா பாத்தா. படத்தில பாத்த மாதிரியே."

நாலு நாளில் பதில் வந்தது. பேர்ணடெற் அன்ரி எங்கள் வீட்டு வாசலில் இருந்துகொண்டு, இரண்டு வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னார். பெண் வீட்டாருக்கு மாப்பிள்ளையில் ஒரு குறையும் இல்லையாம். அவரைப் போல ஒருவர் கிடைக்கத் தவம் செய்திருக்க வேண்டுமாம். ஆனால் பிறிஜெற்றுக்குத் திடீரென்று தேவ அழைத்தல் வந்துவிட்டதாம். கன்னியர் மடத்தில் சேரப்போகிறாளாம்.

"இருபத்தொன்பது வயசில வாற அழைத்தல்," என்றார் பேர்ணடெற் அன்ரி. "பாடகர் குழுவில முப்பது வருஷம் இருக்கன். மாப்பிள்ளையைக் கண்டாப் பிறகு அழைத்தல் வந்த பிள்ளையை இப்பதான் கேள்விப்படுறன்."

ஹெக்டர் அன்றைக்கும் தலையாட்டினார். ஆனால் படத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதைக் கேட்டபோது லைசன்ஸ் பூட்டு அலுமாரியில் இருக்கிறது, திறப்பு கப்டனிடம் இருக்கிறது என்றார். அதற்கு முன் அவர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது.

இதற்கிடையில், ஹெக்டர் தலையாட்டிய நாளிலிருந்து நாகேந்திரத்துக்கு முட்டு வருத்தம் கூடி, மூச்சு எடுக்க முடியாமல் களுபோவிலவில் சேர்த்திருக்கிறார்கள் என்று பேச்சோடு பேச்சாகப் பேர்ணடெற் அன்ரி சொல்லிவிட்டார். ஹெக்டருக்கு அது போதுமாக இருந்தது. தெரிந்த மனுஷன், நோயாளியைப் பார்ப்பது புண்ணியம், அங்கே வேறு யாரையாவது தற்செயலாகக் கண்டால் கடவுள் சித்தம். தனியாகப் போகத் துணிவில்லாமல் என்னைக் கூப்பிட்டார். புளோறன்ஸ் அன்ரியும், "நீயும் போ ஐறீன், படிச்ச பிள்ளை, அவன் பேசாம நிண்டா நீயாவது பேசு" என்றார். நேர்முகப் பரீட்சையில் வாய் திறக்காதவளை அனுப்புகிறார் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

ஹெக்டர் பறப்பு முடிந்து நேரே வந்தார், அதே யூனிபோமில். தோடம்பழம் ஒரு பை. வாட்டின் கடைசிக் கட்டிலில் நாகேந்திரம் கண்ணை மூடிப் படுத்திருந்தார். முகத்தில் பச்சை பிளாஸ்டிக் முகமூடி, சுவரில் ஒட்சிசன் குழாய்.

ஹெக்டர் பழத்தை வைத்தார். முகமூடியைப் பார்த்தார். வேறு எங்கேயோ பார்க்க முயன்றார். திரும்பவும் முகமூடியைப் பார்த்தார். வார் ஒரு பக்கம் தளர்ந்து, மூக்குக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் விரல் போகும் அளவுக்கு இடைவெளி இருந்தது. பாட்டு வாத்தியாருக்கு முன்னால் யாரோ சுருதி பிசகிப் பாடுவது போலத்தான் அவருக்கு அது இருந்திருக்கவேண்டும்.

"இது சரியில்லையே," என்று முணுமுணுத்துக்கொண்டு குனிந்து, இரண்டு பக்க வாரையும் பிடித்து ஒரு இழு இழுத்தார்.

நாகேந்திரம் கண்ணைத் திறந்தார்.

முகத்துக்கு நேரே மூன்று பட்டி. முகமூடியின் மேல் தலையாட்டியின் கை. அவர் ஹெக்டரின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். பிளாஸ்டிக்குக்குள் அது "ம்ம் ம்ம்" என்றுதான் கேட்டது. ஹெக்டருக்கு அந்த நிலைமை நன்றாகத் தெரியும். உள்ளே இருப்பவர் சொல்வது வெளியே கேட்காது. ஆகையால் தைரியம் சொல்வதற்காகப் பெரிதாகத் தலையை ஆட்டினார்.

நாகேந்திரத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"மொகத மிஸி மே?" என்று, இது என்ன மிஸி என்னும் பொருளில், தரை கூட்டிக்கொண்டிருந்த பெண் சிங்களத்தில் சத்தம் போட, வாட்டின் அடுத்த முனையிலிருந்து பிறிஜெற் வந்தாள். ஓடவில்லை. ஆனால் நடந்த நடை ஓட்டத்தைவிடப் பயமாக இருந்தது.

"மிஸ்டர் ஹெக்டர், கையை எடுங்கோ."

"மாஸ்க் லீக் ஆகுது," என்றார் ஹெக்டர். கையை எடுத்துவிட்டார்.

"உங்களுக்கு மாஸ்க்கைப் பற்றி என்ன தெரியும்?"

"நான் வேலையில எப்பவும் போடுறதுதானே."

"அது தெரியும். முழு வெள்ளவத்தைக்கும் தெரியும். உங்களுக்குச் சொல்ல வெக்கமாயில்லையோ?"

ஹெக்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "இதில என்ன வெக்கம்?" என்றார். "கப்டன் டொய்லெட்டுக்குப் போனா போடத்தானே வேணும். சட்டம் அப்படி."

"எந்தக் கப்டன்? ஆமிக் கப்டனோ?"

"இல்ல, எங்கட கப்டன்."

"அவர் டொய்லெட்டுக்குப் போறதுக்கு நீங்கள் ஏன் முகத்தை மூடுறியள்?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் எழும்பி இருந்துவிட்டார்கள். பேர்ணடெற் அன்ரி தடுத்த சொல்லை ஹெக்டர் அப்போதும் சொல்லவில்லை. எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னாலேயே எனக்குப் பதில் வந்தது.

"அவர் பைலட்," என்றேன். "பயணிகள் போற பிளேன் ஓட்டுறவர். அது ஒட்சிசன் மாஸ்க். இவருக்குப் போட்டிருக்கிறதுபோலத்தான்."

பிறிஜெற் என்னைப் பார்த்தாள். ஹெக்டரின் மூக்கில் இருந்த கோட்டைப் பார்த்தாள். நாகேந்திரத்தின் முகமூடியை மெதுவாகத் தூக்கி, அவர் மூக்கில் அதே இடத்தில் அதே கோடு இருப்பதைப் பார்த்தாள். பிறகு கட்டிலின் ஓரத்தில் இருந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

முகமூடி விலகிய இடைவெளியில் நாகேந்திரத்தின் குரல் வந்தது. "தங்கச்சி, அப்ப இவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினது?"

"குட் மோர்னிங் சொன்னது," என்றார் ஹெக்டர்.

"அதை வாயால சொல்லியிருக்கலாமே தம்பி. ரெண்டு கிழமையாப் போச்சு."

பிறிஜெற் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பைலட் எண்டு முதலே ஏன் சொல்லேல்லை?"

"பிளேன்னு சொன்னா யாழ்ப்பாணத்து ஆக்கள் பங்கருக்குள்ள ஓடிருவாங்கன்னு சொன்னாங்க."

அவள் சிரிப்பு நின்றது. "ஓடினனாங்கள்தான்," என்றாள். நாகேந்திரத்தின் போர்வையை இழுத்துவிட்டு, "அது வேற பிளேன்" என்றாள்.

ஹெக்டர் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டு கேட்டார். "நீங்க மடத்துக்குப் போறது?"

"அம்மா பயத்தில சொன்னது. உங்களை வேண்டாமெண்டு சொன்னா அப்பாவைக் காட்டிக் குடுத்திடுவியள் எண்டு. கடவுளைச் சாட்டினா நீங்களும் ஒண்டும் செய்யேலாதெல்லோ."

இந்த இடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து நான் ஒரு தோடம்பழத்தை உரிக்கத் தொடங்கினேன். ஆனால் பிறிஜெற் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு கேள்வி. நீங்கள் எழும்பிப் போனா, கப்டனும் போடுவாரோ?"

"சட்டப்படி போடணும்."

"நான் சட்டத்தைக் கேக்கேல்லை."

ஹெக்டர் தொப்பியைப் பார்த்தார். கப்டனுக்கு உச்சியில் மயிர் இல்லை. இடது காதுக்கு மேலே வளர்த்து, வலது காதுவரை கொண்டுவந்து, பசை பூசி ஒட்டியிருப்பார். முகமூடியின் வார் அதைக் கிளப்பிவிடும். ஹெக்டர் எழும்பினால் கப்டன், "நீ போயிட்டு வா" என்று கையை அசைப்பார், அவ்வளவுதான் என்று ஹெக்டர் சொல்லிமுடித்தார்.

"நீங்கள் ஒண்டும் சொல்லுறேல்லையோ?"

"அவர் கப்டன். அவர் ஒரு சொல்லுச் சொன்னாத்தான் எனக்கு நாலாவது பட்டி."

"அவர் தனிய இருக்கேக்க மயங்கினா?"

ஹெக்டர் தொப்பியின் விளிம்பைத் தடவினார்.

"பின்னால இருக்கிற சனம்?"

ஹெக்டர் மெல்லத் தலையாட்டினார்.

"தலையை ஆட்டாதேங்கோ, மிஸ்டர் ஹெக்டர். நீங்கள் தலையாட்டி இல்லையெண்டு அம்மாவுக்கு இண்டைக்கே சொல்லுறன். ஆனா எனக்கு இன்னும் நிச்சயமில்லை." அவள் எழும்பி நாகேந்திரத்தின் முகமூடியைச் சரிசெய்தாள். ஹெக்டர் இழுத்த அளவிலேயே வாரை வைத்தாள். "அவரைப் போடச் சொல்லுங்கோ. போட்டாப் பிறகு வந்து என்னோட கதையுங்கோ."

எங்கள் பேச்சில் எதற்கும் சரி சொல்கிறவனுக்கும் தலையாட்டி என்றுதான் பெயர். பஸ்ஸில் ஹெக்டர் புறக்கோட்டைவரை மூக்கிலிருந்த கோட்டைத் தடவிக்கொண்டு வந்தார். பட்டம் வாங்கிய நாளிலிருந்து நானும் யாருக்கெல்லாம் "யெஸ் சேர்" சொன்னேன் என்று எண்ணிப் பார்த்தேன். அதில் எது மரியாதை, எது பயம் என்று பிரித்தெடுக்க முடியவில்லை.

அடுத்த மஸ்கட் பறப்பைப் பற்றி ஹெக்டர் எனக்கும் அவர் அம்மாவுக்கும் சொன்னது அவர் திரும்பி வந்த மாலை. புளோறன்ஸ் அன்ரியின் முன் அறையில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, முகம் வாடிப்போய் இருந்தார்.

கடலுக்கு மேலே வந்ததும் ஹெக்டர், "சேர், நான் போகணும்" என்றிருக்கிறார். கப்டன் கையை அசைத்தார். ஹெக்டர் எழும்பவில்லை. "மாஸ்க், சேர்," என்றார். கப்டன் கேட்காதவர் போல வெளியே பார்த்தார். வெளியே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, வானம்தான்.

"அப்புறம்?" என்றார் புளோறன்ஸ் அன்ரி.

"இருந்தன்."

"எவ்வளவு நேரம்?"

"அம்மா, அதைக் கேக்காதீங்க. காலை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு இருந்தன். தேத்தண்ணி கொண்டுவந்தாங்க. வேணாம்னேன். அதை ஊத்துற சத்தத்தைக்கூடக் கேக்க ஏலாம இருந்திச்சு. கப்டன் சொன்னார், இது பிடிவாதம்ன்னு. நான் சொன்னன், இல்ல சேர், சட்டம்ன்னு. இப்படியே மஸ்கட்வரைக்கும் இருப்பியான்னார். இருப்பன்னேன். ஆனா இறங்கும்போது கை நடுங்கினா நீங்கதான் பொறுப்புன்னேன்."

"நீயா சொன்னாய்?" புளோறன்ஸ் அன்ரி சிலுவை போட்டுக்கொண்டார்.

"நான்தான். அவர் என்னைப் பாத்தார். அப்புறம் பெட்டியைத் திறந்து எடுத்து மாட்டினார். நான் போயிட்டு வந்து பாத்தா முடி முழுக்க ஒரு பக்கமா எழும்பி நிக்குது, கதவு திறந்து வச்ச மாதிரி. நான் பாக்கல. ரேடியோவைப் பாத்துக்கிட்டு நன்றி சேர்ன்னேன். தரை இறங்குறவரைக்கும் அவர் பேசல. நாலாவது பட்டி போச்சோ என்னவோ."

"போனாப் போகட்டும். பிறிஜெற்றுக்குச் சொன்னீங்களா?" என்றேன் நான்.

"எயாபோட்டிலயிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போனன்." அவர் பெருமூச்சு விட்டார். "ஒரு பதிலும் சொல்லல ஐறீன். எல்லாத்தையும் கேட்டா. மூத்திரத்தை அடக்கிறது கிட்னிக்குக் கூடாதுன்னு ஏசினா. தண்ணி நிறையக் குடிக்கச் சொன்னா. நான் திரும்பி வந்துட்டன். வாசல் வரைக்கும் வந்து திரும்பவும் அதையேதான் சொன்னா. முந்தி மிஸ்டர் ஹெக்டர்ன்னாவது சொல்லுவா. இண்டைக்கு என்ட பேரைக்கூட சொல்லல."

"பேர் சொல்லாம எப்படிக் கூப்பிட்டா?"

"இஞ்சேருங்கோ, போனவுடன மறக்காமத் தண்ணி குடியுங்கோ. அப்படித்தான். யாரோ தெருவில போறவனைக் கூப்பிட்ட மாதிரி."

புளோறன்ஸ் அன்ரி கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர். ஹெக்டரின் அப்பாவை உயிரோடு இருந்தவரை பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். அவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் என் அம்மா யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்தவர்.

"ஹெக்டர் அண்ணா," என்றேன். "எங்கட அம்மா எங்கட அப்பாவைக் கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து இஞ்சேருங்கோன்னுதான் கூப்பிடுறா. யாழ்ப்பாணத்தில ஒரு பொம்பிளை தெருவில போறவனை அப்படிக் கூப்பிடமாட்டா. புருஷனைத்தான் கூப்பிடுவா."

சுவருக்கு அந்தப் பக்கம், எங்கள் வீட்டிலிருந்து அம்மாவின் குரல் அப்பாவை அதே சொல்லால் சாப்பிடக் கூப்பிட்டது. ஹெக்டர் தலை நிமிர்ந்து அதைக் கேட்டார்.

புளோறன்ஸ் அன்ரி எழும்பிப் போய் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து மகனுக்கு முன்னால் வைத்தார்.

"அப்ப குடி," என்றார். "சொன்னதைக் கேளு."

"இதை மட்டும்தான் கேப்பன் அம்மா," என்று சொல்லிவிட்டு ஹெக்டர் செம்பைத் தூக்கினார்.